கழன்று விழுந்த செருப்பு: கால் மரத்துப்போனவர்களின் அனுபவப் பகிர்வு

பாபநாசம் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்

எனக்கு வயது 63. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். முந்தின ஆண்டு மாசியில் ஒருநாள், கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து வாசலில் கால் கழுவக் குனிந்தபோதுதான் இடது காலில் செருப்பு இல்லை என்பதைப் பார்த்தேன். பேரன் போய்த் தேடி, தெருமுனைப் பிள்ளையார் கோயில் அருகே கிடந்ததாக எடுத்து வந்தான். அங்கிருந்து வீடுவரை உச்சிவெயிலில் தார்ச்சாலையில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறேன். கால் எனக்கு அதைச் சொல்லவே இல்லை. வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

சித்திரையில் கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போது மற்றவர்கள் தென்னைநார் விரிப்பைத் தேடி ஓடினார்கள். நான் கருங்கல் தளத்தின்மேலேயே நடந்தேன். மறுநாள் காலை இரண்டு உள்ளங்கால்களிலும் எலுமிச்சங்காய் அளவில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அப்போது பார்த்த மருத்துவர், சர்க்கரை இருக்கிறதல்லவா, அதனால் வந்த நரம்பு பாதிப்புதான் என்று சொல்லி ப்ரீகாபலின் எழுதிக் கொடுத்தார். இரவு எரிச்சல் குறைந்தது உண்மை. அந்த மருந்து வலியைத்தான் தணிக்கும், நரம்பை வளர்க்காது என்பது எனக்குத் தெரியாததால், குணமாகிக்கொண்டிருக்கிறது என்று எண்ணி மேலும் சில மாதங்களை வீணாக்கினேன். மரப்பு கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை அளவுக்கு ஏறிவிட்டது.

ஆடிப்பெருக்கன்று படித்துறையில் இடுப்பளவு நீரில் நின்று கண்ணை மூடி முழுக்குப் போட்டவுடன் நிலைதடுமாறிச் சாய்ந்தேன். பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்திராவிட்டால் ஆற்றோடு போயிருப்பேன். செவிலியராக இருக்கும் என் தங்கை மகள் இதைக் கேட்டதும், "மாமா, கண்ணை மூடினால் தள்ளாடுவது சாதாரண விஷயமில்லை, நாளைக்கே தஞ்சாவூருக்குக் கிளம்புங்கள்" என்று பிடிவாதம் பிடித்தாள். கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நரம்பு மூளைக்குச் சொல்லாதபோது கண்தான் அந்த வேலையைச் செய்கிறது, கண்ணையும் மூடிக்கொண்டால் பிடிமானம் போய்விடுகிறது என்று அவள் விளக்கினாள்.

நரம்பியல் மருத்துவர் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்தார், அதிர்வு தெரியவில்லை. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார். எங்கே தொடுகிறார் என்று சொல்ல முடியவில்லை. பிறகு வெகுநேரம் கேள்விகளே கேட்டார். நான் சைவம், சர்க்கரைக்குப் பயந்து பாலையும் தயிரையும் நிறுத்தி, நீர்மோர் மட்டும் குடித்து வந்தவன். என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.1 தான். இந்த அளவுக்கு இவ்வளவு பாதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி, பி12 என்னும் வைட்டமினுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, எனக்கு 142 இருந்தது. பி12 அசைவ உணவிலும் பால் பொருட்களிலும்தான் கிடைக்கிறது. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது அதைக் குடல் உறிஞ்சுவதும் குறைகிறது. என்னிடம் இரண்டும் சேர்ந்துகொண்டன.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பி12 ஊசி, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. இரண்டாம் மாதத்தில், மரத்துக் கிடந்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோலவும் ஊசி குத்துவதுபோலவும் தொடங்கியபோது நோய் முற்றிவிட்டது என்று கலங்கினேன். உறங்கிய நரம்பு விழிக்கும்போது அப்படித் தெரிவது உண்டு என்று மருத்துவர் தைரியம் சொன்னார். நரம்பிழையின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகலாம். இழையே கருகியிருந்தால் அது மீண்டும் வளர வேண்டும், அந்த வளர்ச்சி நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். முதுகெலும்பிலிருந்து நுனிக்கால்வரை போகும் நீண்ட இழைகள்தாம் முதலில் கெடுகின்றன, அவைதாம் கடைசியில் திரும்புகின்றன. சம்பாவுக்கு நாற்று விட்டு அறுவடைவரை காத்திருக்கிற பொறுமை நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. இதற்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது.

உங்களில் யாருக்கு வேறு காரணத்தால் இது வந்தது, எவ்வளவு திரும்பியது என்பதை எழுதுங்கள்.

மன்னார்குடியிலிருந்து

ஐயா, எங்கள் வீட்டில் இதை வெளியே சொல்லத் தயங்கினோம். உங்கள் பதிவைப் படித்தபின் எழுதுகிறேன்.

என் மைத்துனருக்குக் குறுவை நடவின்போது வலக்கையில் நாற்றுமுடி நழுவத் தொடங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, உள்நோக்கி மடங்கின. களைப்பு என்று தைலம் தேய்த்தார்கள். முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இரண்டு வருடமாக இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவர் அந்தத் தேமலின்மேல் பஞ்சால் தொட்டுப் பார்த்தார், உணர்ச்சியில்லை. முழங்கையின் உட்புறத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. தொழுநோய்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஆனால் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்து அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது, சாப்பிடத் தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது, தட்டையும் பாயையும் தனியாக ஒதுக்கத் தேவையில்லை. நரம்பின் வீக்கம் வற்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். விரல் வலுவிழந்து இரண்டு மாதமே ஆகியிருந்ததால் வலு பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்திருந்தால் இவ்வளவு எதிர்பார்த்திருக்க முடியாது என்றார்கள். தேமல் இருந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி திரும்பவே இல்லை. மைத்துனர் அடுத்த தாளடிக்கு வயலில் இறங்கிவிட்டார். உணர்ச்சியில்லாத தேமல் யாரிடமாவது இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் காட்டுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து

என் பெரியப்பாவுக்குக் காரணம் குடி. இருபது ஆண்டுகளாகக் குடித்தவர். இரவில் உள்ளங்கால் எரிகிறது என்று நனைத்த கோணிப்பையைக் காலில் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மது நரம்பை நேரடியாகவும் கெடுக்கிறது. சோறு இறங்காமல் போவதால் தயமின் என்னும் பி1 சத்தும் உடலில் தீர்ந்துவிடுகிறது. தயமின் ஊசி போட்டார்கள், குடியை நிறுத்தினால்தான் அது பயன்படும் என்றும் சொன்னார்கள். நிறுத்தினார். ஓராண்டில் எரிச்சல் அடங்கியது, தடியில்லாமல் நடக்கிறார், ஆனால் இருட்டில் இன்னும் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் போவார்.

இதில் நம் ஊர்ச் சோற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன். தயமின் குறைவால் கால் நரம்பு செத்துப்போகும் பெரிபெரி நோய், நூறாண்டுக்கு முன் மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறிப் போன தமிழ்த் தொழிலாளர்கள் புழுங்கலரிசி உண்டதால் பெரும்பாலும் தப்பினார்கள். ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இரண்டு வகை அரிசியையும் இரு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்து, வேறுபாட்டை 1907-இல் வெளியிட்டார். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். என் கொள்ளுத்தாத்தா தலைமுறையினர் அதே கப்பலில் போனவர்கள் என்பதால், இந்தச் செய்தி எனக்கு நெருக்கமானது.

திருவையாற்றிலிருந்து

சுருக்கமாக ஒன்று. என் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்து போன பத்தாம் நாள் கால் மரத்தது. மூன்றே நாளில் மரப்பும் தளர்ச்சியும் இடுப்புக்கு ஏறின. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிற குய்லான் பாரே நோய்க்கூறு என்றார்கள். மூச்சுத் தசையையும் பிடிக்கக்கூடியது என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினார்கள். எட்டாம் மாதம் சைக்கிள் ஓட்டினான். மெதுவாக வருவதற்கு முன்பதிவு செய்து காத்திருக்கலாம். நாள்கணக்கில் மேலே ஏறுகிற மரப்புக்கு அன்றே கிளம்ப வேண்டும்.

பாபநாசம் பக்கத்திலிருந்து மீண்டும்

எழுதிய மூவருக்கும் நன்றி. மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா என்று தனியே கேட்டிருந்தவருக்கு: நான் நிறுத்தவில்லை, மருத்துவரும் நிறுத்தச் சொல்லவில்லை; பி12-ஐ ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். நரம்புத் தளர்ச்சிக்கு என்று விற்கும் சத்து மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பி6 சேர்ந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சி நெடுநாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

எவ்வளவு திரும்பியது என்பதை நான் இப்படிக் கணக்கு வைக்கிறேன். தமிழ் மாதப் பிறப்பன்று காலையில் விளக்குத் திரியால் காலை மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வருவேன். உணர்வு எங்கே நிற்கிறதோ அங்கே என் மனைவி பேனாவால் கோடு போட்டு, கட்டைவிரல் நுனியிலிருந்து அளந்து நாட்குறிப்பில் எழுதுவாள். ஊசி தொடங்கியபோது கோடு கணுக்காலுக்கு மேலே இருந்தது. பதினான்கு மாதம் கழித்து, இந்த ஐப்பசி முதல் தேதி, கட்டைவிரல் நுனியிலிருந்து 6 சென்டிமீட்டரில் நின்றது. சென்ற மூன்று மாதமாக அது நகரவில்லை. அந்த 6 சென்டிமீட்டர் திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். செருப்பு கழன்றால் இப்போது தெரிகிறது.