கண்டறிதலா, புலப்பாடா?

அன்புடையீர், வணக்கம்.

பறவைக் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் இருக்கும் பறவை கணக்கெடுப்பவருக்குத் தெரியவருவதற்கான நிகழ்தகவை 'டிடெக்‌ஷன் பிராபபிலிட்டி' என்பார்கள். அதற்குக் 'கண்டறி வாய்ப்பு' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் நடக்கும் களப்பணியை எண்ணிப் பார்க்கையில், அதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

1976 முதல் 1983 வரை அங்கு நடந்த காட்டுப் பறவைக் கணக்கெடுப்பில், மலைக்காட்டினூடே வகுத்த தடங்களில் குறித்த இடந்தோறும் எட்டு நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையும் குரல் மட்டும் கேட்ட பறவைகளையும் அவற்றின் தொலைவோடு சேர்த்துப் பதிந்தார்கள். அடர்காட்டில் கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். 'நோயைக் கண்டறிதல்' என்பதுபோல அச்சொல் இன்று பொதுப்பொருளில் வழங்குவது உண்மைதான். ஆயினும் 'கண்டது', 'கேட்டது' என்று பிரித்தெழுதும் துறைக்கு அது பொருந்தாது. ஹவாயைச் சேர்ந்த கவாய்த் தீவின் ஓஓ பறவையைக் கடைசியாகப் பார்த்தது 1985இல்; அதன் குரலைக் கடைசியாகக் கேட்டது 1987இல். அந்தக் கடைசிக் குரலையும் உள்ளடக்கும் சொல்லே நமக்கு வேண்டும்.

ஐம்புலனுக்கும் பொதுவான 'புலப்படு' என்ற வினை நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து 'டிடெக்‌ஷன்' என்பதற்குப் 'புலப்பாடு', 'டிடெக்டபிலிட்டி' என்பதற்குப் 'புலப்படுதன்மை', 'டிடெக்‌ஷன் பிராபபிலிட்டி' என்பதற்குப் 'புலப்படு நிகழ்தகவு' என மூன்றையும் பெறலாம். இலக்கியத் திறனாய்வில் 'புலப்பாடு' வேறு பொருளில் வழங்கினாலும் இடம் நோக்கிப் பிரித்தறிய முடியும். 'வாய்ப்பு' வேண்டாம்; பள்ளிக் கணக்குப் பாடத்திலேயே 'நிகழ்தகவு' நிலைபெற்றுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. 'கண்டறி' என்றால் திறமை முழுவதும் நோக்குபவருடையது என்று தோன்றுகிறது. அதே கவாய்க் காட்டில் அப்பப்பானே என்ற பறவை ஓயாமல் பாடும். அக்கிக்கிக்கி என்ற பறவையோ அரவமின்றி மரப்பட்டையில் ஊர்ந்து இரை தேடும். காற்றும் மழையும் ஓடையிரைச்சலும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். பறவை, இடம், ஆள் ஆகிய மூன்றையும் 'புலப்படுதல்' தாங்குகிறது. எடுத்துக்காட்டாக, புலப்படு நிகழ்தகவு 0.25 எனக் கொண்டால், பத்துப் பறவைகள் பதிவான இடத்தில் நாற்பது இருந்திருக்கும் என்பது மதிப்பீடு.

'புலப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. ஓஓ அற்றுப்போனது என்று அமெரிக்க அரசு அதை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது 2023இல்தான். இந்த இடைவெளியைத் தமிழில் எழுத வேண்டியிருப்பதால்தான் இச்சொல்லை வலியுறுத்துகிறேன். 'புலப்படுதன்மை' நீளம் என்று கருதுவோர் மாற்று வடிவம் தந்தால் ஏற்பேன். வினையடி மட்டும் மாறாதிருக்கட்டும்.