சர்க்கரை இல்லாத கேக் நடுவில் அமுங்கிவிடுகிறது

அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சுகர். அடுத்த மாதம் 70 வயது முடிகிறது. அவரும் ஒரு சின்னத் துண்டு சாப்பிடுகிற மாதிரி வெனிலா கேக் செய்ய மூன்று வாரமாகப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை.

மைதா 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். 28 லிட்டர் ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின் அடுப்பு), 7 அங்குல டின், 170 டிகிரி, 35 நிமிடம். இருப்பது மதுரையில். இதே அளவுக்கு 150 கிராம் சர்க்கரை போட்டால் பஞ்சு மாதிரி வருகிறது.

சர்க்கரைக்குப் பதில் அதே எடை எரித்ரிட்டால் (ரத்தச் சர்க்கரையை ஏற்றாத மாற்று இனிப்பு) போட்டேன். வெண்ணெயோடு எவ்வளவு அடித்தாலும் நுரைத்து வெளுக்கவில்லை. வெந்த பிறகும் மேலே நிறம் ஏறவில்லை, நடுவில் குழி. மறுநாள் கடித்தால் பல்லில் மணல் மாதிரி நறநறவென்கிறது, நாக்கில் புதினா பட்டதுபோல ஒரு குளிர்ச்சி. அப்புறம் மிக்ஸியில் பொடித்துப் போட்டேன். நறநறப்பு குறைந்தது, குழி போகவில்லை. ஸ்டீவியா (இனிப்புத் துளசிச் சாறு) சொட்டு மட்டும் விட்டபோது கேக் அடை மாதிரி கனத்துப்போனது, கசப்பு வேறு. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம், அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

எரித்ரிட்டால் கேக் நடுவில் அமுங்காமல் இருக்க, மேலே சொன்ன அளவில் எதை எவ்வளவு மாற்ற வேண்டும்?