பிபி இருக்கறதால கோவம் வருதா, கோவத்தால பிபி வருதா?

மாவுக்கடை அக்கா, சீத்தா கேம்ப்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 44 வயசு. மும்பை டிராம்பேல, சீத்தா கேம்ப்ல பதினோரு வருஷமா இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். பூர்வீகம் நாங்குநேரி பக்கம், பொறந்து வளர்ந்தது பூரா இங்கதான்.

போன வாரம் மத்தியானம் ஒரு அம்மா மாவு பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "புளிச்சுப் போச்சு, காசைக் குடு"ன்னாங்க. பாதி மாவு காலி. இந்த மே மாச வெக்கையில வெளிய வச்சா புளிக்காம என்ன செய்யும்? பாக்கெட்டை வாங்கி மேசையில ஓங்கி அடிச்சேன். வெடிச்சுருச்சு. பக்கத்துல உக்காந்து எழுதிட்டிருந்த எம் மக மூஞ்சியெல்லாம் மாவு. பத்தாவது ட்யூஷன் நோட்டுல ரெண்டு பக்கம் மை கரைஞ்சு நீலமா ஓடிருச்சு. அவ அழல, ஒரு வார்த்தை பேசல. கண்ணை மூடி, இமை மேல இருந்த மாவை ஒத்தை விரலால வழிச்சா. அப்புறம் துப்பட்டா நுனியால நோட்டை ஒத்தி எடுத்தா. பழகிப்போன வேலையைச் செய்யற மாதிரி செஞ்சா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கை நடுக்கமும் நிக்கல, பின்மண்டை ஒரே இடி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கப் போனேன். அங்க இருந்த பையன் மிஷின் வச்சுப் பார்த்தான்: 168/104. "உனக்கு பிபி இருக்கு, அதான் இம்புட்டு கோவம். மாத்திரை போட்டா கோவமும் போயிரும்"ங்கறாங்க மாமியார். நெசமா?

நான் பயப்படறதுக்குக் காரணம் இருக்கு. எங்கப்பா 1998-ல ரேஷன் கடையில சண்டை போட்டுட்டு வீட்டுக்கு வந்தார். தண்ணி கேட்டார். நான் சொம்பைக் கொண்டுவர்றதுக்குள்ள சாஞ்சுட்டார். 52 வயசு. எனக்கும் அதே மூக்கு, அதே கோவம்.

ஜிம் தம்பி, காட்கோபர்:

அக்கா, கோவத்தை உள்ளயே வச்சா அதுதான் விஷம். தலகாணியை நாலு குத்து குத்துங்க, இல்ல மொட்டை மாடிக்குப் போய்க் கத்துங்க. நான் தினம் அரை மணி நேரம் பாக்சிங் பேக்ல குத்தறேன், மனசு லேசாயிரும்.

ஓய்வுபெற்ற நர்ஸ், மாட்டுங்கா:

தங்கச்சி, முதல்ல உங்க மாமியார் சொன்னதுக்கு வர்றேன். பிபி கூடியிருக்கிறது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் அது மோசம். அது இருந்தா கோவம் வரும்னு இல்ல. பிபி மாத்திரை பிபிக்குத்தான், கோவத்துக்கு இல்ல.

ஆனா கோவம் பிபியை ஏத்தும். கோவம் வந்த நிமிஷமே அட்ரினலின் ரத்தத்துல பாயுது. இதயம் வேகமா அடிக்குது, ரத்தக்குழாய் சுருங்குது, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுது. உங்க கை நடுங்கினது அதனாலதான். 2024-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல 280 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. பழைய கோவம் ஒண்ணை எட்டு நிமிஷம் நினைச்சுப் பார்த்தவங்களுக்கு, ரத்தக்குழாய் விரியற தன்மை நாற்பது நிமிஷம் வரைக்கும் குறைஞ்சிருந்தது. வெறுமனே நினைச்சதுக்கே அப்படி. அந்தப் பாக்கெட் சண்டையை நீங்க ராத்திரி பூரா நினைச்சுட்டுக் கிடந்திருப்பீங்க இல்லையா?

அப்பா விஷயம் படிச்சு மனசு கஷ்டமாயிருச்சு. 1995-ல அமெரிக்காவுல மாரடைப்பு வந்து பிழைச்ச 1,600 பேருக்கு மேல விசாரிச்சாங்க. கடுங்கோவம் வந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாரடைப்பு வர்ற ஆபத்து ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட. நல்ல இதயத்துக்கு ஒரு சண்டையால பெருசா ஒண்ணும் ஆயிராது. ஏற்கெனவே குழாய் அடைச்சிருந்தா, தினம் தினம் சண்டைன்னா, கணக்கு வேற. நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சு முட்டல், இடது கையிலயோ தாடையிலயோ வலின்னு வந்தா, சோடா குடிச்சுட்டு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

168/104 சண்டை சூட்டுல எடுத்தது, அதை வச்சு முடிவு பண்ண முடியாது. அலட்சியமும் கூடாது. ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் எடுத்து எழுதி வைங்க. டீ குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து, முதுகைச் சாச்சு, பாதம் தரையில பட, கை நெஞ்சு உயரத்துல இருக்க எடுக்கணும். பேசக் கூடாது. வீட்டுல 135/85-க்கு மேலயே நின்னா டாக்டரைப் பாருங்க, தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. தைராய்டு அதிகமா சுரந்தாலும் எரிச்சல், கை நடுக்கம் வரும். 44 வயசுங்கிறீங்க, மாதவிலக்கு முன்னப்பின்ன ஆகுதான்னும் சொல்லுங்க. அதை வாயால சொல்லாம எத்தனை பொம்பளைங்க "கோவக்காரி"ன்னு பேர் வாங்கினாங்கன்னு வார்டுல பார்த்திருக்கேன்.

தம்பி, குத்தறது பத்தி. அதே 2024-ல அமெரிக்காவுல ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல 154 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. உடம்பைச் சூடாக்கற வேலைங்க, மொத்தமாப் பார்த்தா, கோவத்தைக் குறைக்கல. மூச்சை மெதுவாக்கறது, தசையைத் தளர்த்தறதுதான் குறைச்சுது. உடம்புக்கு பாக்சிங் நல்லது, தாராளமா பண்ணுங்க. கோவத்துக்கு மருந்துன்னு அக்காவுக்குச் சொல்லாதீங்க.

ஒரே ஒரு கேள்வி தங்கச்சி. எத்தனை மணிக்குத் தூங்கறீங்க, முதல் சாப்பாடு எப்போ?

பஸ் ஓட்டின அண்ணன், சயான் கோலிவாடா:

தங்கச்சி, நான் 29 வருஷம் பஸ் ஓட்டினவன். கோவம் எனக்கு முதல்ல கையிலதான் வரும். ஸ்டியரிங்கை நெரிச்சுப் பிடிச்சிருப்பேன். அதைக் கவனிச்ச அன்னிக்குத்தான் வழி கிடைச்சுது. சிக்னல்ல நின்னா ஒவ்வொரு விரலாத் தூக்குவேன், சுண்டு விரல்ல ஆரம்பிச்சு. பத்தும் தூக்கறதுக்குள்ள மூச்சு தானா நீளமாயிரும். ஆட்டோக்காரனை ஹிந்தியில திட்ட நாக்கு நுனியில வார்த்தை ரெடியா நிக்கும். அதையே தமிழ்ல சொல்லிப் பார்ப்பேன், எங்கம்மா குரல் கேக்கும், வாய் மூடிக்கும்.

உங்களுக்கு ஸ்டியரிங் எதுன்னு பாருங்க. மனசு ரொம்ப அடைச்சா 14416-க்குப் போன் போடுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண், டெலி மனஸ்னு பேரு. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். என் மச்சினன் பேசியிருக்கான்.

மாவுக்கடை அக்கா, சீத்தா கேம்ப்:

பத்து நாள் கழிச்சு எழுதறேன். நர்ஸக்கா கேட்ட கேள்வியைப் பார்த்ததும் உக்காந்துட்டேன். இங்க தண்ணி நாலரைக்கு வரும், அதுக்கு முன்னாடி வாளியோட நிக்கணும். அரைச்சு, பாக்கெட் போட்டு, கிரைண்டரைக் கழுவிப் படுக்கப் பன்னெண்டு ஆயிரும். காலையில வெறும் டீ மூணு தடவை. முதல் சோறு பதினோரு மணிக்கு. பாக்கெட் வெடிச்ச அன்னிக்கு அதுவும் இல்ல, ரெண்டு மணி ஆகியிருந்துச்சு. பதினோரு வருஷமா இட்லி மாவு விக்கிறவ காலையில இட்லி சாப்பிடல.

ஏழு நாள் எழுதினேன். சண்டையே இல்லாத காலையிலயும் 146/92, 150/94. டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சுட்டார், அப்பா விஷயத்தைக் கேட்டு ஈசிஜி எடுத்தார், அது சரியா இருக்கு. தைராய்டுக்கு ரத்தம் குடுத்திருக்கேன், ரிப்போர்ட் நாளைக்கு. தண்ணி பிடிச்சதும் ஆறு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிடறேன், ஊறுகாய் இல்லாம. கிரைண்டர் கழுவறதை எம் மூத்தவன் எடுத்துக்கிட்டான். சொல்லியிருந்தா எப்பவோ செஞ்சிருப்பேன்னு சொன்னான்.

அண்ணே, எனக்கு ஸ்டியரிங் இந்தத் தாடைதான். பல்லைக் கடிச்சுட்டே நாள் பூரா இருக்கேன். நேத்து ஒருத்தர் பழைய கடனுக்கு இழுத்தடிச்சப்போ தாடையை விட்டேன். கோவம் போகல, ஆனா கை மேசைக்குப் போகல. கடனையும் கேட்டுட்டேன்.

பாக்கெட்ல அரைச்ச நேரத்தை மார்க்கர்ல எழுதறேன். அந்த அம்மா வீட்டுக்குப் போய், கத்தினதுக்கு மன்னிப்பு கேட்டேன், மாவு வெளிய வச்சா புளிக்கும்ங்கிறதையும் சொன்னேன்.

மக நோட்டுல போன ரெண்டு பக்கத்தையும் ராத்திரி நானே எழுதிக் குடுத்தேன். தமிழ் மீடியத்துல ஏழாவதோட நின்னவ நான், அது இங்கிலீஷ். எழுத்து எழுத்தாப் பார்த்து எழுத ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அவ பக்கத்துல வந்து உக்காந்து, மூணு இடத்துல தப்பைத் திருத்தினா.