புதுப்பிப்பு: தூய்மையாக்கிய வெள்ளீயத்தில் ஆல்ஃபா உமிழ்வு மீண்டும் உயர்வது ஏன்?

சிப்புகளை இணைக்கும் பற்றாசுக்கான வெள்ளீயம், தூய்மையாக்கிய உடனே ஆல்ஃபா அளவீட்டில் (சிப்பில் பிழை உண்டாக்கக்கூடிய ஆல்ஃபா கதிர்வீச்சை அளக்கும் சோதனையில்) தேறிவிட்டுச் சில மாதங்களில் ஏன் தவறுகிறது என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். விடை, ஒரு கதிரியக்கத் தனிமம் சிதைந்து அடுத்ததாக மாறிக்கொண்டே போகும் சிதைவுத் தொடரிலேயே இருக்கிறது.

ஆல்ஃபா துகளை உமிழ்வது, வெள்ளீயத்தில் மாசாகக் கலந்துள்ள பொலோனியம்-210. அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 138 நாள். அதை மட்டும் நீக்கினால் அளவீடு உடனே தாழ்ந்துவிடும். ஆனால் 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210 உலோகத்தில் தங்கியிருந்தால், அது பிஸ்மத்-210 வழியாகப் புதிய பொலோனியத்தை ஈன்றுகொண்டே இருக்கும், உமிழ்வும் ஏறத்தாழ 2 ஆண்டுகள் வரை ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதல் நாள் அளவீட்டை மட்டும் நம்பிச் சான்றளிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை; மாதக்கணக்கில் காத்திருந்து மீண்டும் அளக்க வேண்டும்.

வெள்ளீயத்திலிருந்து ஈயத்தை வேதிமுறையில் பிரிக்கலாம் என்பதால், மின்சாரத்தால் தூய்மையாக்கும் மின்பகுப்பின்போது ஈயம்-210-உம் வெளியேறும்படி செய்வதே அடிப்படைத் தீர்வு. ஆல்ஃபா உமிழும் யுரேனியம், தோரியம் எச்சங்களையும் அவ்வாறே நீக்கலாம்.

ஈயத்தின் நிலை வேறு. ஈயம்-210-உம் ஈயமே என்பதால் எந்த வேதிமுறையாலும் அதைப் பிரிக்க முடியாது. அதனால்தான் உருக்கிப் பல நூற்றாண்டுகள் ஆன பழைய ஈயத்துக்கு இவ்வளவு மதிப்பு: 200 ஆண்டுகளில் அதிலிருந்த ஈயம்-210 ஏறக்குறைய 500-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.