தாத்தா சதாபிஷேகம் 🙏 (குடும்பக் குழு)

சின்னு: மாமா, போர்டு போய்விட்டது. நடு ஐசி தொட்டால் சுடுகிறது. திங்கள் விசேஷம்!

மடிப்பாக்கம் பெரியம்மா: எந்த போர்டு?

சின்னு: தாத்தா நாற்காலிக்குப் பின்னால் வைக்கிற ஓடும் விளக்கு, பெரியம்மா.

பெரிய மாமா: என்ன ஐசி? ரெசிஸ்டர் எவ்வளவு?

சின்னு: விளக்குகளை வரிசையாக எரிய வைக்கிற 74எச்சி595, மூன்று. ஒவ்வொன்றிலும் எட்டு விளக்கு. 5 வோல்ட். ஒவ்வொரு சிவப்பு எல்இடிக்கும் 150 ஓம். டேட்டாஷீட்டில் ஐசியின் ஒரு காலுக்கு, அதாவது ஒரு பின்னுக்கு, 35 மில்லி ஆம்பியர். நான் 20தான் எடுக்கிறேன்.

தாம்பரம் சித்தி: சமையல்காரர் எண்ணிக்கை கேட்கிறார். 120ஆ 150ஆ?

பெரிய மாமா: ஒவ்வொன்றாக ஓடும்போது சரியாக இருந்தது, எல்லாம் சேர்ந்து எரிந்தபோதுதான் போனது. அப்படித்தானே?

சின்னு: ஆமாம் மாமா!!

சின்ன மாமா: அண்ணா ஆரம்பித்துவிட்டார் 😀

பெரிய மாமா: அந்த 35-க்குப் பக்கத்திலேயே பார். ஐசிக்குக் கரண்ட் வருகிற விசிசி பின், திரும்பிப் போகிற கிரவுண்ட் பின், இவற்றுக்கு 70 என்று இருக்கும். எட்டு விளக்கும் எரிந்தால் கணக்குப்படி 160. பின்னில் வோல்டேஜ் இறங்குவதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 70 எங்கே? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாப் பின்னும் எல்லைக்குள்தான். ஆனால் அத்தனை கரண்டும் ஒரே விசிசி பின் வழியாகத்தான் வர வேண்டும். அப்புறம், 35, 70 இரண்டுமே 'அப்சல்யூட் மேக்சிமம்' அட்டவணை. தாண்டினால் ஐசி கெடலாம் என்பதற்கான கோடு அது. அதுவரை ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. அவுட்புட் வோல்டேஜுக்கு உத்தரவாதம் தருகிற வரியைப் பார், 4.5 வோல்ட்டில் 6 மில்லி ஆம்பியர்தான்.

தாம்பரம் சித்தி: என் கல்யாணத்தில் மைக் செட்டைப் புகைய விட்டவர் இதைப் படித்தாரா? 😏

சின்ன மாமா: அது மண்டபத்து லைன் கோளாறு.

மடிப்பாக்கம் பெரியம்மா: பத்திரிகையில் எங்கள் வீட்டுக்காரர் பெயரை விட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அம்மா: அக்கா, அப்புறம் போன் செய்கிறேன்.

சின்னு: இப்போது என்ன செய்வது மாமா?

பெரிய மாமா: 470 ஓம் போடு. ஒரு விளக்குக்கு 6 சொச்சம், எட்டுக்கும் 51. மண்டபத்துக்குள் போதும். இல்லையென்றால் நடுவில் யுஎல்என்2803, அதிகக் கரண்ட் தாங்குகிற டிரைவர் ஐசி. அது கிரவுண்ட் பக்கம்தான் இழுக்கும், எல்இடி எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதில் 500 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பதும் ஒரு சேனலுக்குத்தான். எட்டும் சேர்ந்து அவ்வளவு இழுத்தால் சூடு தாங்காது.

சின்னு: 470 போட்டால் தாத்தாவுக்கு மங்கலாகத் தெரியுமோ?

பெரிய மாமா: ஒரு ஐசிக்கு மட்டும் மாற்றி வீடியோ அனுப்பு. ஐசி மூன்றையும் புதிதாகப் போடு, மற்ற இரண்டும் அதே அடி வாங்கியவை.

சின்ன மாமா: ரிச்சி தெருவுக்கு இன்றே போ. நாளை ஞாயிறு.

சின்னு: இரண்டையும் வாங்கி வருகிறேன்.

தாம்பரம் சித்தி: 150 என்று சொல்லிவிடட்டுமா?

மடிப்பாக்கம் பெரியம்மா: எங்களையும் சேர்த்தா?