புதுப்பிப்பு: வார்ஃபரின் முகடுகள் பிரிந்துவிட்டன

வார்ஃபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) அதன் ஆர், எஸ் ஆடிப்பிம்ப வடிவங்கள் (இடக்கை, வலக்கைபோல ஒன்றுக்கொன்று பிம்பமானவை) கருவியின் வரைபடத்தில் ஒரே முகடாக ஒட்டிக்கொண்டு வருவதாகச் சென்ற பதிவில் புலம்பியிருந்தேன். இப்போது இரண்டும் அடிவரை பிரிகின்றன.

நிறை நிறமாலைமானியை (மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் கருவியை) மாற்றச் சொன்னவர்களுக்கு: அதனால் பயனில்லை. இரண்டுக்கும் நிறை ஒன்றே, உடையும் துண்டும் ஒன்றே (நிறை 307 உள்ள அயனி உடைந்து 161 ஆகும்). பிரிக்கும் பொறுப்பு முழுவதும் நிரலுடையது (மாதிரி பாய்ந்து செல்லும்போது பொருள்களைப் பிரிக்கும் குழாய்). வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பிணைத்த நிரலுக்கு மாறி, ஓடும் கரைப்பானில் அசிட்டோநைட்ரைலைக் குறைத்து, ஓட்டத்தையும் மெதுவாக்கியதும் வழிக்கு வந்தது.

ஒவ்வொரு மாதிரிக்கும் நேரம் கூடிவிட்டதென்று ஆய்வகத்தில் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும். எஸ் வடிவம் ஆர் வடிவத்தைவிட 3 முதல் 5 மடங்கு வீரியமுள்ளது. அதைப் பெரும்பாலும் சிதைப்பது சிஒய்பி2சி9 நொதி. அந்த நொதி மந்தமாக உள்ளவரின் உடலில் எஸ் தேங்கும். மொத்த அளவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

மாதிரிக் குழாயிலேயே ஒன்று மற்றொன்றாக மாறிவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது தாலிடமைடு என்ற மருந்தின் குணம். அதற்கு இரத்தம் எடுத்த உடனே அமிலமாக்க வேண்டும். வார்ஃபரினின் தொல்லை வேறு: ஏறத்தாழ 99 சதவீதம் புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதை விடுவிக்கப் பிளாஸ்மாவை அமிலமாக்கி, கரைப்பானுக்குள் இழுத்தோம்.

கொழுப்பு மிகுந்த பிளாஸ்மாவில் இன்னும் சோதிக்கவில்லை. அடுத்து அதுதான்.