லித்தியம் மாத்திரை சாப்பிடுற மகன் கடலுக்குப் போகலாமா?

தங்கச்சிமடம் அம்மா:
மகனுக்கு 24 வயசு, விசைப்படகுல தொழில். பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குற நோய்னு சொல்லி லித்தியம் 300 மில்லிகிராம், ராத்திரி மூணு மாத்திரை குடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து 12 நாள் ஆகுது. சனிக்கிழமை டோக்கன் (கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு) போட்டுப் போறப்ப வருவானான்னு படகு ஓனர் கேக்குறார். சொந்தக்காரங்க ஏர்வாடி தர்காவுல விடச் சொல்றாங்க. அவனோ "நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு"ங்கறான். கருவாடு கொடுக்கலாமான்னும் தெரியல.

மனநலப் பிரிவு நர்ஸ்:
இந்தச் சனிக்கிழமை வேண்டாம்மா. இந்த நோய்ல தூக்கம் கெடுறது அறிகுறி மட்டுமில்ல, அதுவே நோயைக் கிளப்பியும் விடும். ராத்திரி முழுக்க வலை இழுத்து முழிச்சிருந்தா ரெண்டு மூணு நாள்ல பேச்சு வேகம் ஏறிடலாம், அது நோய் திரும்புறதோட அடையாளம். படகோட தொடர்பு விட்டுப்போக வேண்டாம். பகல்ல நிழல்ல உக்காந்து வலை பொத்துற வேலை கேளுங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்துல 61 நாளும் ராத்திரி வீட்லதான் இருப்பான், தூக்கத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர அது நல்ல வாய்ப்பு. ஆனா வெயிலும் அப்பதான் உச்சத்துல இருக்கும், தண்ணி விஷயத்துல ஏமாந்துடக் கூடாது.

காலண்டர்லயே தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினான்னு எழுதுங்க. தொடர்ந்து ரெண்டு ராத்திரி அஞ்சு மணி நேரத்துக்குக் குறைஞ்சும் களைப்பே இல்லாம திரிஞ்சான்னா அன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க, அடுத்த தேதி வரட்டும்னு இருக்காதீங்க.

"மாத்திரை எதுக்கு"ன்னு கேக்குறப்ப "உனக்கு வியாதி"ன்னு வாதாடுனா அந்தப் பேச்சு சண்டையிலதான் போய் நிக்கும். தூக்கம், படகு, கைச்செலவு, இதுல அவனுக்கு எது முக்கியமோ அதை வச்சுப் பேசுங்க. சோத்துல கலந்து மட்டும் கொடுக்காதீங்க. கண்டுபிடிச்சான்னா உங்க கையால தண்ணிகூட வாங்க மாட்டான். மெதுவா கரையற வகை மாத்திரையா இருந்தா பொடிச்சதும் மருந்து மொத்தமா உடம்புல இறங்கிடும். திடீர்னு நிறுத்துனா நோய் முன்னைவிட வேகமாத் திரும்பலாம்.

லேப்ல வேலை பார்க்கிறவன்:
ரத்தத்துல லித்தியம் அளவு பார்த்தாச்சா? மாத்திரை ஆரம்பிச்சோ அளவு மாத்தியோ 5-லிருந்து 7 நாள்ல பார்க்கணும். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுக்கிறதுக்கும் 12 மணி நேர இடைவெளி வேணும். ராத்திரி 9-க்குப் போட்டா காலையில 9-க்கு எடுக்கணும். சீக்கிரமே எடுத்துட்டா அளவு கூடுதலாக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைச்சிடுவாங்க. பச்சை மூடிக் குழாய்ல எடுக்கிறாங்களான்னும் பாருங்க. சில பச்சை மூடிக் குழாய்ல ரத்தம் உறையாம இருக்கச் சேர்க்கிற மருந்துலயே லித்தியம் உண்டு, ரிப்போர்ட்டே தப்பாயிடும். ரிப்போர்ட்ல லித்தியம் அளவை சாதாரணமா 0.6-லிருந்து 1.0 (mmol/L) வரை வச்சிருப்பாங்க. 1.5-ஐத் தாண்டினா ஆபத்து. கிட்னி, தைராய்டு டெஸ்ட் ஆறு மாசத்துக்கு ஒருக்கா.

மருந்துக்கடை, தொண்டி:
அக்கா, கருவாடு கொடுக்கலாம். உப்பு கூடுறதும் குறையறதும் திடீர்னு நடக்கக் கூடாது, அவ்வளவுதான். உடம்புல உப்பு குறைஞ்சா கிட்னி லித்தியத்தை வெளியேத்தாம பிடிச்சு வச்சுக்கும். நாட்டு வைத்தியம்னு உப்பில்லாப் பத்தியத்துல போட்டுடாதீங்க, அந்தப் பத்தியமே விஷமாயிடும். வாந்தி, பேதி, நல்ல வேர்வைன்னாலும் இதே கதைதான்.

இன்னொன்னு, நம்ம பக்கத்துல அடிக்கடி நடக்கிறது: வலை இழுத்து இடுப்பு வலின்னு கிளினிக்ல டைக்ளோபெனாக் ஊசி போட்டுக்கிறது. அதுவும் ஐபுப்ரோபெனும் அசிக்ளோபெனாக்கும் லித்தியம் அளவை ஏத்திவிடும். வலிக்கு பாரசிட்டமால் போதும். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனா அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடக் கூடாது.

கை பலமா நடுங்குறது, நடை தள்ளாடுறது, நாக்கு குழறுறது, வாந்தியோட மந்தமாக் கிடக்கிறது, இதெல்லாம் அளவு ஏறிட்டதோட அடையாளம். அடுத்த மாத்திரையைக் கொடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு.

தங்கச்சிமடம் அம்மா:
பச்சை மூடி, பத்தியம், ரெண்டும் யாரும் சொல்லல. ஏர்வாடி பத்தி?

ராமநாதபுரம் வாசகர்:
தர்காவுக்குத் தாராளமாப் போங்க, மாத்திரையும் கூடவே போகட்டும். அங்க தொழுகையோட சேர்த்து மருந்தும் கொடுக்கிற தவா-துவா திட்டம் இருக்கு, விசாரிங்க. தனியா விட்டுட்டு மட்டும் வராதீங்க. 2001 ஆகஸ்ட் 6-ல ஏர்வாடி விடுதியில தீப்பிடிச்சப்ப சங்கிலியில கட்டிக் கிடந்தவங்களால தப்ப முடியல, 28 பேர் செத்தாங்க. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுறதே குற்றம்.

அவனுக்கு 18 தாண்டிடுச்சு. தெளிவா இருக்கிற இந்த நாள்லயே "எனக்கு மருத்துவ விஷயத்துல பிரதிநிதி என் அம்மா"ன்னு வெள்ளைத்தாள்ல எழுதி அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அதே சட்டம் இதுக்கு இடம் கொடுக்குது, முத்திரைத்தாள் தேவையில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரியில "நீங்க யாரு"ன்னு கேட்டா அதைக் காட்டலாம். நடுராத்திரியில யாரைக் கேக்குறதுன்னு தெரியாட்டி 14416, டெலி-மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசில்ல, தமிழ்லயே பேசலாம். அப்புறம் என்னைக்காவது டாக்டர் சரின்னு சொல்லி கடலுக்குப் போனா, கரை திரும்ப ஒருநாள் தள்ளிப்போனாலும் ஆகுற மாதிரி கூடுதலா மூணு நாள் மாத்திரையும் டாக்டர் சீட்டு நகலும் தண்ணி புகாத பையில கட்டி, படகுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க.